முங்கல் சபையின் மூன்றாவது கோயில்

பனச்சிக்கோணத்துக்காரர்களுக்கு அந்தச் சபையின் உண்மைப் பெயர் தெரியாமலில்லை. பாப்டிஸ்ட் என்பது வாய்க்குள் நுழைந்தால்தானே. கைக்குழந்தைக்கு நெற்றியில் தண்ணீர் தெளித்துப் பெயரிடுகிற வழக்கம் அங்கே கிடையாது. ஆள் வளர்ந்து, புத்தி தெளிந்து, தானாகக் கேட்டு வந்தால் குளத்தில் முழுதாக முக்கி எடுப்பார்கள். அதனால் ஊருக்கு அது முங்கல் சபை. பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் போகும் பாதையில் கிழக்கே இறங்கி, வயல் வரப்பில் கால் மைல் நடந்தால் குளம் வரும். குளத்தங்கரையில் சபைக்குப் பத்து சென்ட் பூமி. பக்கத்து ஊர் லண்டன் மிஷன் கோயிலின் மணிச் சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும். முங்கல் சபைக்கு மணி கிடையாது. மணி கட்டுவதற்கு முதலில் சுவர் நிற்க வேண்டுமே.

முதல் கோயில் ஓலைக் கொட்டகை. மாசிலாமணி என்ற பனையேறி தானே பனையேறி, தானே ஓலை வெட்டி, தானே கட்டியது. ஒருநாள் நட்டுச்சை வெயிலில் அது எரிந்தது. தீ வைத்தவன் யாரென்று ஊருக்கே தெரியும், கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இரண்டாவது கோயிலை அவர் மண்சுவராக எழுப்பினார். அதை அழித்தது மரியாதை. கூரைக்கு முகட்டுத் தடியை ஏற்றும் அன்று பெரிய ஊழியர் ஒருவர் வந்து தடிமேல் கைவைத்து ஜெபிக்க வேண்டும் என்று சபைக்கு ஆசை வந்தது. ஊழியருக்கோ காய்ச்சல். இன்று வருவார், நாளை வருவார் என்று தடியைத் தரையில் போட்டுவிட்டுப் பதினாறு நாள் காத்திருந்தார்கள். அந்த வருஷம் கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது, பெருவெள்ள வருஷம். மூட்டமாக வந்த மழை மூன்று வாரம் விடவில்லை. கூரையில்லாத நாலு சுவரும் கரைந்து குளத்தோடு போயிற்று. மாசிலாமணி முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, "இனி இந்தச் சபையில முகட்டுத் தடி ஒருத்தனுக்காவவும் காத்துக் கெடக்காது" என்றார். அவர் செய்த பிரசங்கங்களிலேயே குட்டையானது அதுதான்.

அவர் வைத்துவிட்டுப் போன சட்டம் இன்னொன்றும் உண்டு. முங்க வருகிறவர் குளத்தங்கரையில் நின்று, "என் பேரு இன்னது, என் மனசால வாறேன்" என்று எல்லோரும் கேட்கத் தானே சொல்ல வேண்டும். யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. பெற்ற தாய்கூட மகன் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

இந்தச் சட்டத்தால் முதலில் அடிபட்டது அவர் குடும்பம்தான். மூத்த மகன் ராபின்சன் பதினெட்டு வயதில் கரைக்கு வந்துவிட்டான். இளையவன் பொன்னப்பன் வரவில்லை. நாற்பத்திரண்டு வயதாகியும் வரவில்லை. ஞாயிறு தவறாமல் கடைசிப் பாயில் உட்காருவார், பாட்டெல்லாம் மனப்பாடம், குளத்தங்கரையில் பேர் சொல்கிற நேரம் வரும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். அரசுப் பள்ளியில் மலையாளம் சொல்லிக்கொடுக்கிறவர், கல்யாணம் செய்யாதவர், அண்ணன் வீட்டிலேயே சாப்பாடு. "ஆளு முன்னால எழும்பி நின்னு பேரு சொல்லணுமாக்கும். எனக்க பேருதான் பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்தில தெனமும் கெடக்கே" என்பார். முங்கல் சபையில் முங்காத வாத்தியார் என்று ஊர் சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொள்வார்.

முப்பது வருஷம் ஓலைப் பந்தலில் கழிந்தபின், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலாம் வருஷம் சித்திரையில் ராபின்சன் மூன்றாவது கோயிலுக்கு மண் மிதித்தார். முழம் முழமாக ஏற்றி, காயவிட்டு, மறுபடி ஏற்றி, ஆனி முடிவதற்குள் நாலு சுவரும், முன்னும் பின்னும் முகட்டுத் தடி தாங்குகிற கூம்பும் நின்றன. அதற்குள் தமிழ்த் தாலூக்காக்கள் மலையாள ராஜ்யத்தை விட்டு மதராசோடு சேர வேண்டும் என்ற போராட்டம் முற்றிவிட்டது. ஆடியில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்தது. அடுத்த வாரமே பனச்சிக்கோணத்துக்குப் போலீஸ் லாரி வந்தது. சபையின் ஆண்கள் பதினொரு பேரையும் கொண்டுபோனார்கள். ராபின்சன் போகும்போது மண்வெட்டியைக் கழுவிச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். கடைசியில் தடையுத்தரவு வந்தது: ஐந்து பேர் ஓரிடத்தில் கூடினால் கேஸ். பொன்னப்பனை யாரும் தொடவில்லை. அவருக்கு எல்லையும் வேண்டாம், போராட்டமும் வேண்டாம். அதைச் சொல்லித்தான் அண்ணனும் தம்பியும் இரண்டு மாதமாகப் பேசாமல் இருந்தார்கள்.

ராபின்சனின் மனைவி சுகிர்தபாய் ஒரு சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். தொட்டுக்கொள்ள அரைத்த சம்மந்தியில் காந்தாரி மிளகாய் கொஞ்சம் தாராளமாகவே விழுந்திருந்தது. கோபம் இருக்கிற நாளில் அவள் அரைப்பது அப்படித்தான். பொன்னப்பன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, பையிலிருந்த பேனாவை மட்டும் எடுத்துப் பத்திரமாக மாடக்குழியில் வைத்தார்.

"கடலு முழங்குது, கேக்குதா?" என்றாள் சுகிர்தபாய்.

"கேக்கு."

"ஐப்பசி பொறக்க ஒம்பது நாளு. சொவரு மேல மூடின ஓலை ஒரு காத்துக்குத் தாங்காது. தடி ஏத்தணும், பொன்னப்பா."

"அண்ணன் வரட்டும், மைனி."

"எப்ப வருவாரு? ஒனக்குக் கடுதாசு போட்டிருக்காரா?"

அவர் மரச்சீனியை உடைத்து ஆவி போக ஊதினார். "உத்தரவு உண்டுல்லா. இது முடியட்டும். சொவரு போனா சொவருதான. மண்ணு இஞ்ச கெடக்கு, குளம் இஞ்ச கெடக்கு. பொறவு கெட்டலாம்."

"இதத்தான் தொண்ணூத்தொம்பதுலயும் செல்லியிருப்பாவ. பொறவு கெட்டலாம்னு. முப்பது வருசம் மழையில நனைஞ்சு பாட்டுப் படிச்சோம். எனக்க மூணு பிள்ளையளும் பந்தலில பிடிச்ச சளியோட வளந்ததாக்கும். இந்தச் சொவரு கரைஞ்சா, ஜெயிலுக்குப் போனவரு திரும்பி வந்து என்னத்தப் பாப்பாரு? சேத்தையா?"

"அதுக்காவ பொம்பளையளு ஜெயிலுக்குப் போவணுமா?"

"அஞ்சு பேரு கூடினாத்தான கேசு? நாலு பேருக்குக் கேசு இல்லையே."

பொன்னப்பன் கையிலிருந்த மரச்சீனியை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவள் சட்டி அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பனந்தடி அது. எட்டு ஆம்பிளை தூக்குற தடி."

"செதுக்கி மெலிய வைப்போம். நீ பயப்படண்டாம். ஒன்னைக் கூப்பிட வரல நான். இந்த வீட்டில இப்ப ஒனக்க சம்பளத்திலதான் அடுப்பெரியுது. அந்த அடுப்ப நான் அணைக்க மாட்டேன். போலீஸ் முகாமுக்கு ஒரு கடுதாசு மட்டும் எழுதித் தா. மலையாளத்தில எழுது. படிக்கலன்னு அவனுவ செல்லப்பிடாது."

அவர் எழுதிக்கொடுத்தார். நல்ல மலையாளம். முகாமில் இருந்த இன்ஸ்பெக்டர் வடக்கே எங்கிருந்தோ வந்தவர். ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, "இது பிரார்த்தனையோ, அதோ சமரமோ?" என்றார், போராட்டமாக இருக்குமோ என்ற சந்தேகத்தில். போலீஸ்காரனை ஏமானே என்று கூப்பிட்டுக் குனிந்து பழகிய ஊர் அது. சுகிர்தபாய் நிமிர்ந்து நின்று, "கூரை, சாரே. அனுவாதம் கேக்க வரல. அறிவிச்சிட்டுப் போவ வந்தேன்" என்றாள்.

முங்கல் சபையில் எதையும் எல்லோரும் கைதூக்கித்தான் தீர்மானிக்க வேண்டும், ஊழியர் சொன்னாலும் சரி, மூப்பர் சொன்னாலும் சரி. கூடினால் கேஸ் என்பதால் சபைக்காரி ஜெஸி வீடு வீடாகப் போனாள். அவள் புருஷனும் ஜெயிலுக்குள்ளேதான் இருந்தான். சோறு வடிக்கிறவள் வடித்துக்கொண்டே ஒரு கையைத் தூக்கினாள், நார் கிழிக்கிறவள் நாரோடு தூக்கினாள். தீர்மானம் இவ்வளவுதான்: வேலைக்கு ஒரு நேரத்தில் நாலு பேர்தான் வேலிக்குள் போக வேண்டும். ஐந்தாவது ஆள் எக்காரணத்தாலும் போகக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன, ஏற்கெனவே அப்பன்மார் இல்லை. தீர்மானத்தைக் கொண்டுவந்தவளே சுகிர்தபாய்தான்.

மறுநாள் முதல் குளத்தங்கரையில் நடந்த வேலையைப் பார்க்க ஊர் சனமே வரப்பில் நின்றது, உத்தரவுக்குப் பயந்து தள்ளித் தள்ளி. நாலு பெண்கள் உள்ளே போவார்கள். பனந்தடியில் வாய்ச்சியால் செதுக்குவார்கள். பனை வைரம் பாய்ந்தது, வாய்ச்சி துள்ளும், நாலு கொத்துக்கு ஒரு சிராய் வரும். உள்ளங்கை பொத்துப்போனதும் அந்த நாலு பேர் வெளியே வந்த பிறகு வேறு நாலு பேர் போவார்கள். காவலுக்குப் போட்டிருந்த கான்ஸ்டபிள் மோகனன் திருப்புறத்துக்காரன், இருபத்திரண்டு வயது, பொன்னப்பனிடம் படித்தவன். பென்சிலும் சின்ன நோட்டுமாக உள்ளே நுழைகிற வேலிக் கடவில் உட்கார்ந்து ஆள் எண்ணுவான்.

"நாலுதானா, மக்கா? நல்லா எண்ணிக்கோ" என்பாள் தாசம்மாள். ஆள் குட்டை, வாய் நீளம்.

"நாலுதான், அக்கா."

"எனக்க வயித்துக்குள்ள ஒண்ணு கெடக்கு. அதயும் சேத்தா அஞ்சாக்கும். எழுதிக்கோ."

மோகனன் தலையைக் குனிந்துகொள்வான். வேலை பார்க்கிறவர்களுக்கு வெற்றிலை கொடுக்கிற சாக்கில் அவனுக்கும் ஒரு சுருள் போகும். சரோஜம் சபைக்காரி அல்ல, குளத்துக்கு அக்கரையில் இருக்கிற வீட்டுக்காரி, செவ்வாய் வெள்ளி அம்மன் கோயிலுக்கு விளக்கு வைக்கிறவள். அவளும் வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்க மாட்டுத்தொழுவம் சாஞ்சப்ப ஒங்க ராபின்சன் அண்ணன் வந்து தாங்கினாருல்லா. அன்னைக்கு அவரு என்னட்ட சாதி கேட்டாரா?" என்றாள்.

சனிக்கிழமை தடி ஏற்றுவதாக முடிவு. காலையிலிருந்தே மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கூம்புச் சுவரை ஒட்டியும் மூங்கிலால் மூன்று தட்டாகச் சாரம் கட்டியிருந்தார்கள். ஒரு முனையில் சுகிர்தபாயும் ஜெஸியும், மறு முனையில் சரோஜமும் தாசம்மாளின் தங்கை எஸ்தரும். மற்ற இருபது பெண்களும் வேலிக்கு வெளியே, ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு தென்னைமூட்டில் தனித்தனியாக நின்றார்கள். அன்று பார்த்து இன்ஸ்பெக்டரே ஜீப்பில் வந்து இறங்கினார். ஐந்தாவது ஆளை அவர் கண்ணாலேயே பிடிக்க வேண்டும் என்று ஆசை போலிருக்கிறது.

முதல் தட்டுக்குத் தடி ஏறியது. மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டாவது தட்டுக்கு ஏற்றினார்கள். மூன்றாவதில்தான் வினை வந்தது. தடியைத் தோளில் வாங்கி நிமிர்ந்துவிட்டார்கள், ஆனால் கூம்பின் உச்சிக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. கையை மாற்ற முடியவில்லை. ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. எஸ்தர் காலை மாற்றி ஊன்றியதில் சாரம் கிரீச்சிட்டது. தடியின் முனை சுவரில் உரசி, ஒரு கை மண் பொலபொலவென்று உதிர்ந்தது. விட்டால் தடி விழுகிற வேகத்தில் கூம்பும் சரியும், கீழே நிற்கிற சுவரும் போகும். வெளியே நின்ற இருபது பேருக்கும் அது தெரிந்தது.

"மதி, போதும். விட்டிட்டு எறங்கு" என்று இன்ஸ்பெக்டர் கீழிருந்து கத்தினார். "மழை வருந்நு. ஆளு சாவும்."

"விட மாட்டோம், சாரே" என்றாள் சுகிர்தபாய். குரல் பல்லுக்கிடையிலிருந்து வந்தது.

"பின்னெ எந்து செய்யும்?"

ஒரு வார்த்தை, 'வாங்க' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் இருபது பேரும் ஓடி வந்துவிடுவார்கள். அவள் சொல்லவில்லை. போகக் கூடாது என்று கைதூக்க வைத்தவள் அவள். அதற்கும் மேலே, யாரையும் கூப்பிடக் கூடாது என்று இந்தக் குளத்தங்கரையில் மாமனார் வைத்துவிட்டுப் போன சட்டம். இருபத்தைந்து வருஷமாகக் கொழுந்தனை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடக் கூப்பிடாமல் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தவள் இன்றைக்கு மட்டும் யாரைக் கூப்பிடுவாள்? தோள் எலும்பு தெறித்துவிடும் போலிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பொன்னப்பன் வரப்பில் கஞ்சித் தூக்கோடு வந்துகொண்டிருந்தார். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, மைனிக்கு மத்தியானக் கஞ்சி கொண்டுவருவது அவர் பாடு. கடவுக்கு வந்ததும் மேலே பார்த்தார். தூக்கைத் தென்னைமூட்டில் சிந்தாமல் வைத்தார். மேலே ஒரு இலையைப் போட்டு மூடினார். எதையும் பதறாமல் செய்து பழகிய மனிதர், அதையும் அப்படித்தான் செய்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடவில் கால் வைத்தார்.

"எவிடெ?" என்று இன்ஸ்பெக்டர் பிரம்பை நீட்டினார். "அகத்து நாலு பேருண்டு. நீ கேறியால் அஞ்சு. வாத்தியாரல்லே? மனசிலாயல்லோ?"

"மனசிலாயி" என்று புரிந்ததற்குத் தலையாட்டினார் பொன்னப்பன். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்க்காமல், குளத்தைப் பார்த்து நின்றுகொண்டு, வகுப்பில் பேசுகிற குரலில், தமிழில் சொன்னார்.

"என் பேரு பொன்னப்பன். மாசிலாமணிக்க மகன். என் மனசால வாறேன்."

வெளியே நின்ற பெண்கள் தென்னைமூட்டை விட்டு ஓரடி முன்னால் வந்துவிட்டார்கள். சாரத்தின் மேலே தடியைச் சுமந்து நின்ற சுகிர்தபாய்க்கு அழுகை வந்தது. துடைக்க அவளுக்குக் கை இல்லை, கண்ணீர் அதுபாட்டுக்கு மூக்கு வழியே இறங்கிச் சொட்டியது.

இன்ஸ்பெக்டருக்கு அந்த வார்த்தைகளின் அர்த்தம் விளங்கியிருக்க நியாயமில்லை. "எழுதெடா" என்றார் மோகனனிடம். மோகனன் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, "வாத்தியாரே, வேலை போயிரும். திரும்பிப் போங்க" என்று அடிக்குரலில் கெஞ்சினான்.

பொன்னப்பன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திருகிக் கழற்றி, அவன் கையில் கொடுத்தார்.

"எலே மோகனா, பென்சிலக் கீழ வை. இதில எழுது. அழிக்க ஏலாதமாரி எழுது."

சொல்லிவிட்டுச் சாரத்தில் ஏறினார். சுண்ணாம்புக்கட்டி பிடித்த கைதான், ஆனாலும் பனையேறியின் மகன். கால் மூங்கிலைத் தானாகப் பிடித்துக்கொண்டது. சுகிர்தபாய்க்கும் ஜெஸிக்கும் நடுவில் தோளைக் கொடுத்தார்.

"மைனி, கஞ்சி ஆறிப்போவும்" என்றார்.

"போவட்டு" என்றாள் அவள்.

ஐந்து பேராலும் அந்தத் தடி ஒரு முழம் எழும்பவில்லை. ஆனால் கடவில் தாசம்மாள் நின்றுகொண்டிருந்தாள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு. "என் பேரு தாசம்மாள். என் மனசால வாறேன். எழுது, மக்கா." அவள் பின்னாலேயே ஒருத்தி, அவள் பின்னால் இன்னொருத்தி. கைதூக்கிச் செய்த தீர்மானத்தைக் கைதூக்காமலே அந்தச் சபை மாற்றியது அன்று ஒரு தடவைதான். தென்னைமூடு ஒவ்வொன்றும் காலியாயிற்று. ஒவ்வொருத்தியும் கடவில் நின்று, பெயரைச் சொல்லி, மனசைச் சொல்லி, உள்ளே போனாள். மோகனன் எழுதிக்கொண்டே இருந்தான், எழுத்து மசியில் தெளிவாகவே விழுந்தது.

தாசம்மாளை யாரும் சாரத்தில் ஏற விடவில்லை. அவள் கீழே நின்று ஏலேலோ போட்டாள். இந்த முனையில் ஆறு பேர், அந்த முனையில் ஆறு பேர், மற்றவர்கள் மூங்கிலைத் தாங்கிப் பிடித்தார்கள். தடி எழும்பியது. கூம்பின் உச்சியில் வெட்டி வைத்திருந்த பள்ளத்தில், முதலில் மேற்கு முனையும் பிறகு கிழக்கு முனையும், தொம்மென்று உட்கார்ந்தது. சுவர் ஒருமுறை அதிர்ந்து, பிறகு பாரத்தை வாங்கிக்கொண்டு நின்றது.

இன்ஸ்பெக்டர் நோட்டை வாங்கி எண்ணினார். இருபத்தைந்து. ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். அது நாலு பேர் ஏறுகிற ஜீப்.

"எல்லாவரும் அரஸ்டாணு" என்றார், வேறென்ன சொல்வது என்று தெரியாதவர் போல.

பொன்னப்பன் இறங்கி வந்து முன்னால் நின்றார். தோளில் சட்டை கிழிந்து ரத்தம் கசிந்தது. "நாலு நாலா ஏத்தும், சாரே. எங்களுக்குப் பழக்கமாக்கும். முதல் நடைக்கு நான் வாறேன்."

"மத்தவங்க?" என்று மோகனன் தமிழில் கேட்டான்.

பதில் மேலேயிருந்து வந்தது. சுகிர்தபாய் முகட்டுத் தடிமேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணீரும் மண்ணும் முகத்தில் காய்ந்து கிடந்தன. முதல் தூறல் அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

"கூரை மேஞ்சிட்டு வாறோம், மோகனா. பேரெல்லாம் ஒனக்கிட்ட உண்டுல்லா, மசியில எழுதினது. நாங்க எங்க போவப் போறோம்?" என்றாள். பிறகு கீழே பார்த்து, யார் பெயரையும் சொல்லாமல், எல்லோருக்கும் பொதுவாகக் கையை நீட்டினாள். "கம்பு ஒவ்வொண்ணா மேல தாங்க. மழை வந்தாச்சு."